அண்ணே மாமாவானபோது

“...அண்ணேன்னு கூப்புட்ட வரைக்கும் தொண்ட கிழியக் கத்துனேங்க. இப்ப மாமாவாயிட்டாருங்களே, மாமாவப் பாத்து எப்படிங்க கத்துறது?” என்று வேலு கேட்டான்.

விசாரணைக்கு வந்திருந்த வெள்ளைக்காரத் துரை பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி என்னைப் பார்த்தார். வேலு சொன்னதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியவன் நான். அண்ணனை இங்கிலீஷில் சொல்லிவிடலாம், மாமாவையும் சொல்லிவிடலாம். அண்ணன் எப்படி மாமா ஆனார் என்பதற்குத்தான் வார்த்தை அகப்படவில்லை. துரையின் எதிரே பெஞ்சு ஓரத்தில் எஞ்சின் டிரைவர் குப்புசாமி நின்றிருந்தார். அந்த அண்ணனும் இந்த மாமாவும் அவர் ஒருவர்தான்.

இதை எழுதத் தூண்டியவர்கள் இப்போது ரயில்வேயில் கிராணிகளாக, அதாவது குமாஸ்தாக்களாக, இருக்கும் இரண்டு பேர். செந்தூலில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போதெல்லாம் எஞ்சினுக்கு ஆள் போடுவது முறைவரிசைப்படியாம். யாருக்கு ஓய்வு முடிந்ததோ அவர் ஏற வேண்டியது, அவ்வளவுதான். “அண்ணே, ஒங்க காலத்துல கொணம் பாத்து ஜோடி போடுவீங்களாமே, நெசமா?” என்று கேட்டுவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நிஜம்தான். கோலாலம்பூர் எஞ்சின் ஷெட்டில் என் வேலையே அதுதான். எங்கள் ஆபீசைக் கடந்து போகும்போது ‘கல்யாணத் தரகர் கடை’ என்றுதான் ஷெட்டு ஆட்கள் சொல்வார்கள்.

நான் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடம் என்று பார்த்தால் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு சரி. இங்கிலீஷ் படித்தது ஸ்டேஷன் பலகைகளிலும், துரைமார் படித்துவிட்டுப் போடும் பழைய பேப்பர்களிலும். ஷெட்டில் மை கரைக்கவும் தாள் கட்டவும் சேர்ந்தேன். சில வருஷங்களில் கிராணியானேன். அந்த வருஷங்களில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பெரிய கிராணி தம்பிஐயாவின் மேசைக்கு எதிர் மேசை கிடைத்த நாளிலிருந்துதான் எனக்கு வேலை என்று ஒன்று ஆரம்பித்தது.

தம்பிஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தார். வெள்ளைக் கோட்டின் பித்தானை எந்த வெயிலிலும் கழற்றமாட்டார். யாரையும் கேள்வி கேட்க மாட்டார். ஒருவனைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவனை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுப் பென்சில் சீவ ஆரம்பிப்பார். சீவிச் சீவிப் பென்சில் பாதியாகிவிடும். எதிரே இருக்கிறவன் தாங்க முடியாமல் தானாகவே பேசத் தொடங்குவான். பேசாமல் கடைசிவரை உட்கார்ந்திருப்பவனும் உண்டு. இரண்டுமே அவருக்குத் தகவல்தான்.

எங்கள் சுவரில் ஒரு கறுப்புப் பலகை இருந்தது. அதில் வரிசை வரிசையாகக் கொக்கிகள். மேல் கொக்கியில் டிரைவரின் பித்தளைத் தகடு, கீழ்க் கொக்கியில் கரி போடும் பயர்மேனின் தகடு. தகடு மாட்டியாகிவிட்டால் அந்த இருவரும் மறுநாள் ஒரே எஞ்சின். முன்னால் நெருப்பு, பின்னால் கரி, இரண்டு பக்கமும் மழையும் வெயிலும். அந்த இடத்தில் பொழுதுக்கும் இருவர் நிற்க வேண்டும். அவர்களுக்குள் ஒத்துப்போகாவிட்டால் நீராவியும் ஒத்துப்போகாது. டிரைவர் நீராவியை ஏற்று என்றால் பயர்மேன் கரியைக் குறைப்பான். எல்லாம் ஷெட்டில் பார்த்ததுதான்.

அதனால் புதிதாக ஒரு ஜோடி போடுவதற்கு முன் தம்பிஐயா ஒரு வேலை செய்வார். ஆபீசுக்கு வெளியே நீளமான பெஞ்சு ஒன்று கிடக்கும். இரண்டு பேரையும் கூப்பிட்டு, அதை உள்ளே கொண்டுவந்து போடச் சொல்வார். எங்கள் வாசல் குறுகல், உள்ளே நுழைந்ததும் அலமாரி. பெஞ்சைச் சாய்த்துத் திருப்பாமல் கொண்டுவரவே முடியாது. அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே பார்த்திருப்பார். யார் முன்னால் நடக்கிறார், யார் பின்னுக்கு நடக்கிறார், ‘திருப்பு’ என்று முதலில் சொல்வது யார், சுவரில் விரல் உரசினால் யார் யாரைப் பார்க்கிறார், எல்லாம் கவனிப்பார். பெஞ்சு உள்ளே வந்ததும் “நல்லது, திரும்பக் கொண்டுபோய்ப் போடுங்கோ” என்பார். ஆட்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் யாருக்கு முதலில் வருகிறது என்பதற்காகத்தான் இரண்டாவது தடவை.

நாங்கள் தவறியதும் உண்டு. அந்தோணியும் கருப்பையாவும் பெஞ்சைச் சிரித்துப் பேசியபடியே தூக்கி வந்தார்கள். எனக்குப் பார்க்க நன்றாக இருந்தது, ஜோடி போடலாம் என்றேன். தம்பிஐயா போடவிட்டார். அவர்கள் பேச்சு சுவாரஸ்யத்தில் ரவாங்கில் தண்ணீர் பிடிக்காமல் கிளம்பிப் போய், நடுவழியில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார்கள். இன்னொரு ஜோடி, இரண்டு பேருமே சாது. காஜாங்கில் கை இறங்கி வெகுநேரம் ஆகியும் வண்டி நகரவில்லை. கார்டு முன்னால் நடந்துவந்து பார்த்தால், பயர்மேன் சொல்லட்டும் என்று டிரைவரும், டிரைவர் பார்த்திருப்பார் என்று பயர்மேனும் மரியாதையாக நிற்கிறார்கள். மறுநாள் ஷெட்டே அவர்களைப் பார்த்து “நீங்க மொதல்ல”, “இல்ல, நீங்க மொதல்ல” என்று கும்பிட்டது.

கை என்றால் கைகாட்டி. படுக்கையாக நீட்டியிருந்தால் நிற்க வேண்டும், தாழ்ந்திருந்தால் போகலாம். வளைவுகளில் டிரைவர் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் பாய்லர் மறைத்துவிடும். அப்போது பயர்மேன்தான் எட்டிப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். எஞ்சினில் பயர்மேனின் கைக்கு வேலை கரி அள்ளுவது, வாய்க்கு வேலை இது.

இனி குப்புசாமி. வண்டி ஓட்டுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாயைத் திறந்தால் வசவு. கரி பெரிதாக இருந்தால் திட்டு, பொடியாக இருந்தால் திட்டு. மழை பெய்தாலும் பயர்மேனைத்தான் திட்டுவார். அவருடன் போன ஒருவன், “எஞ்சின்ல ரெண்டு நெருப்புண்ணே, ஒண்ணுக்குத்தான் கதவு இருக்கு” என்று சொல்லி என்னிடம் தகட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். திட்டுக்குப் பயந்தவர்கள் கரியைக் கீழே கொட்டினார்கள். ரோஷக்காரர்கள் மண்வெட்டியை ஓங்கினார்கள். அவருடைய கீழ்க் கொக்கி பாதி நாள் காலியாகவே கிடந்தது. ஆள் நிலைக்காவிட்டால் அவரை ஷெட்டுக்குள் வண்டி மாற்றும் வேலைக்கு இறக்கிவிடலாம் என்று மேலே பேச்சு வந்தது. இறக்கினால் டிரைவர் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். மனைவி இல்லாதவர், வளர்ந்த மகள் பாக்கியத்தோடு அந்த வீட்டில்தான் இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பயர்மேனாக வேலு வந்தான். குரல் மட்டும் பெரியது, மற்றபடி அமைதியான ஆள். இருவரையும் தம்பிஐயா பெஞ்சைத் தூக்கச் சொன்னார். தூக்கியதுமே குப்புசாமி ஆரம்பித்துவிட்டார். வாசல்வரை வேலு கேட்டுக்கொண்டே வந்தான். வாசலில் தன் பக்கத்தை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றான்.

“அண்ணே, திட்டி முடிச்சிட்டுச் சொல்லுங்க, அப்பறம் தூக்குவோம். ரெண்டையும் ஒண்ணா செஞ்சா செவுத்துல இடிக்கும்.”

முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. கடைக்காரரிடம் சில்லறை கேட்பது போலச் சொன்னான். குப்புசாமி வாயைத் திறந்தார், மூடினார், பெஞ்சைத் தூக்கினார். தம்பிஐயா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த் தன் கையாலேயே இரண்டு தகடுகளையும் மாட்டினார்.

அதற்குப் பிறகு அவர்களைப் போல ஒரு ஜோடி எங்கள் பலகையில் இருந்ததில்லை. குப்புசாமி திட்டுவதை நிறுத்தவில்லை. வேலுவும் விடவில்லை. “அண்ணே, மிச்சத்த பெட்டாலிங் தாண்டி வச்சுக்கலாம், இப்ப தண்ணி மட்டத்தப் பாருங்க” என்பான். வளைவு வந்தால் “அண்ணே! கை நீட்டியிருக்கு! நிறுத்து!” என்று அவன் போடும் சத்தம் பக்கத்துக் கிராமத்து நாய்களைக் குரைக்க வைக்குமாம். ‘நிறுத்துங்க’ என்று இழுக்க அங்கே நேரமில்லை. குப்புசாமி என்னிடமே ஒரு தடவை சொன்னார்: “எல்லாப் பயலும் என் மூஞ்சியப் பாத்துப் பேசுறான். இவன் ஒருத்தன்தான் கைகாட்டியப் பாத்துப் பேசுறான்.”

அந்தப் பிரியத்தில்தான் தன் மகளை வேலுவுக்குக் கொடுக்க முடிவு செய்தார். ஊர், உறவெல்லாம் விசாரித்ததில் முறை தப்பவில்லை. ஆனால் ஷெட்டு சும்மா இருக்குமா? “என்னடா வேலு, அண்ணன் மகளையா கட்டப்போற?” என்று போகிற வருகிற இடமெல்லாம் கேலி. வேலுவுக்கு முகம் சிவந்துவிடும். பரிசம் போட்ட அன்று ‘அண்ணே’யை விட்டான். பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் தாலி கட்டினான். அன்றிலிருந்து குப்புசாமி அவனுக்கு மாமா.

நாங்கள் வேலுவின் குணத்தைத்தான் பார்த்து ஜோடி போட்டோம். அந்தக் குணம் அவன் சட்டைப்பை போல எப்போதும் அவனோடு இருக்கும் என்று நினைத்தோம். அதில் பாதி ‘அண்ணே’ என்ற சொல்லில் இருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. வேலு வளர்ந்த வீட்டில் பெண் கொடுத்த மாமனார் முன் மருமகன் நேருக்கு நேர் நின்று பேச மாட்டான். தோளில் துண்டு போட மாட்டான், எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வான். குரலை உயர்த்துவது என்ற பேச்சே கிடையாது. அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. கல்யாணத்தோடு தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. குப்புசாமிக்கும் அப்படித்தான். மருமகனை ‘டா’ போட முடியவில்லை. ‘மாப்பிள்ளை’ என்று சொல்லிவிட்டு வாயில் வந்த வசவை விழுங்கினார். பதினைந்து பேரைத் துரத்திய வாய் அது.

வீட்டில் இது சிரமமாக இல்லை. ஒரே குவார்ட்டர்ஸில்தான் எல்லாரும். நடுவில் பாக்கியம் நின்று, “அப்பா, அவரு சாப்பிடக் கூப்புடுறாரு”, “இந்தாங்க, அப்பா கொடை எடுத்துட்டுப் போகச் சொல்றாரு” என்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள். எஞ்சினில் பாக்கியம் இல்லை.

எஞ்சினில் என்ன நடந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. வேலு சொல்ல வேண்டியதை நெருப்புக் கதவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். “தண்ணி கொஞ்சம் கொறையிறாப்ல இருக்கு” என்று நெருப்பிடம் சொல்வான். குப்புசாமி காதில் விழுந்தால் விழுந்தது. விழாவிட்டால் மண்வெட்டியால் இரும்பில் ஒரு தட்டு. அவரும் எதைக் குறித்துத் தட்டினான் என்று கேட்க மாட்டார், தானே தேடிக் கண்டுபிடிப்பார். இருவரும் களைத்துப் போய் இறங்கினார்கள். ஷெட்டில் பார்த்தவர்கள், மனுஷன் எவ்வளவு சாந்தமாகிவிட்டார் என்று மெச்சினார்கள்.

தம்பிஐயாவுக்கு மட்டும் ஏதோ இடித்தது. “இஞ்ச பாரும், சத்தம் இல்லாமல் வருகினம், சத்தம் இல்லாமல் போகினம். எனக்கு இது நல்லாப் படேல்லை” என்று சொல்லித் தகடுகளைப் பிரிக்கக் கையைக் கொண்டுபோனார். அன்று மாலையே குப்புசாமி ஆபீசுக்கு வந்துவிட்டார். கல்யாணம் ஆன கையோடு மாமனையும் மாப்பிள்ளையையும் பிரித்துப் போட்டால், வீட்டுக்குள் சண்டை என்று குவார்ட்டர்ஸ் லைனே பேசும், மகள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்றார். தம்பிஐயா பென்சிலைச் சீவினார். பென்சில் பாதியாகியும் குப்புசாமி ஸ்டூலை விட்டு எழவில்லை. தகடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

மழைத் தூறலான ஒரு காலை. துறைமுகத்திலிருந்து அரிசி ஏற்றிய சாமான் வண்டியை இருவரும் கொண்டுவந்தார்கள். பத்து தீகா ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு வளைவு. குப்புசாமிக்குப் பாய்லர் மறைத்தது. வேலு எட்டிப் பார்த்தான். கை படுக்கையாக நீட்டியிருந்தது. முன்பென்றால் நாய்கள் குரைத்திருக்கும். அன்று அவன் தலையை உள்ளே இழுத்து, குனிந்து, “கை எறங்கல போலருக்குங்க” என்றான்.

அதில் ‘கை எறங்’ வரைக்கும்தான் குப்புசாமி காதுக்குப் போனது. ‘கல’வையும் ‘போலருக்குங்க’வையும் சக்கரச் சத்தம் எடுத்துக்கொண்டது. கை இறங்கிவிட்டது என்று எண்ணி அவர் நீராவியை அடைக்கவில்லை. வேகம் குறையாததைப் பார்த்தும் வேலு கத்தவில்லை. கரித்தொட்டிப் பக்கம் பாய்ந்து கைப்பிரேக்கைச் சுற்ற ஆரம்பித்தான். அதைப் பார்த்த பிறகுதான் குப்புசாமிக்குப் புரிந்தது. இருக்கிற பிரேக்கையெல்லாம் போட்டார். வண்டி கைகாட்டியைத் தாண்டிப் போய் நின்றது. எதிரே ஸ்டேஷனில் பயணி வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டியில் இருந்தவர்கள் எஞ்சினின் முகத்தை எண்ணெய்க் கறை உட்படப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விசாரணை எங்கள் ஆபீசிலேயே நடந்தது. ஜோடி போட்டவர் தம்பிஐயா என்பதால் அவர் மொழிபெயர்க்கக் கூடாது என்று துரை என்னை நிறுத்திவிட்டார். முதலில் குப்புசாமியைக் கேட்டார். பயர்மேன் கை இறங்கியதாகச் சொன்னான் என்று தான் கேட்டதாக அவர் சொன்னார். பிறகு வேலுவைக் கேட்டார். இறங்கவில்லை என்று சொன்னதாக வேலு சொன்னான்.

இரண்டில் ஒருவன் பொய் சொல்கிறான் என்று துரை எழுதப் போனார். பொய் டிரைவருடையது என்றால் அவர் ஷெட்டுக்குள் இறங்க வேண்டும், வீடும் போகும். பயர்மேனுடையது என்றால் அவனுக்கு வேலையே போகும். எது நடந்தாலும் பாக்கியம் ஒருவருக்குச் சோறு போட்டபடி இன்னொருவர் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த அறையில் இது துரையைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

கை நீட்டியிருப்பதைப் பார்த்தாயே, பிரேக்கையும் சுற்றினாயே, ஏன் கத்தவில்லை என்று துரை கேட்டார். அதற்கு வேலு சொன்ன பதிலைத்தான் ஆரம்பத்தில் எழுதினேன்.

முடிந்தவரை சொன்னேன். துரையின் நெற்றி சுருங்கியது. முன்பு இவன் அண்ணன் என்கிறான், இப்போது மாமன் என்கிறான், நீ இவன் மனைவியின் தகப்பன் என்கிறாய், ஒரு மனிதன் எப்படி மூன்றாக இருக்க முடியும் என்றார். அண்ணன் மகளை மணந்தானா என்றும் கேட்டார். நான் அவசரமாக இல்லை என்றேன். நாங்கள் வழியில் பார்க்கும் யாரையும் அண்ணே என்போம் என்றேன். அப்படியானால் அண்ணன் என்பதும் பொய்யா என்றார். என் இங்கிலீஷ் அதோடு முடிந்துவிட்டது.

தம்பிஐயா எழுந்து அனுமதி கேட்டார். இந்த இருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவன் சொன்னதை மரியாதை பாதியிலேயே பிடித்து நிறுத்திவிட்டது என்று விளக்கினார். அவன் வீட்டு வழக்கத்தையும் சொன்னார். துரை கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அப்படியானால் எளிது, இருவரையும் பிரித்துவிடுங்கள் என்றார். குப்புசாமியோடு வேறு யாரும் நிற்க மாட்டார்கள் என்பது தம்பிஐயாவுக்குத் தெரியும். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் குப்புசாமி என்னைப் பார்த்துப் பேசினார். மருமகனைப் பார்க்கவில்லை.

“கிராணியாரே, தொரகிட்ட சொல்லுங்க. மாப்புள கத்துனா நான் கேப்பேன். எனக்கு அது கொறச்சல் இல்ல, அந்தச் சத்தத்துக்காகத்தான் மகளக் குடுத்தேன். ஆனா கத்துன்னு நான் சொன்னா, அது மாமன் சொன்னதாப் போயிடும், தலையாட்டிட்டு மறுபடியும் நெருப்புகிட்டதான் சொல்வாரு. தொர சொல்லட்டும்.”

இதை நான் சொன்னபோது துரை முதல்முறையாகப் பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியில் சாய்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேலுவைக் காட்டி, எஞ்சினில் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி இப்போது, இங்கே, இவரிடம் சொல்லட்டும், சொன்னால் தகடு இருக்கிற இடத்தில் இருக்கும், சொல்ல முடியாவிட்டால் நான் எழுத வேண்டியதை எழுதிக்கொள்கிறேன் என்றார்.

வேலுவிடம் சொன்னேன். அவன் தலை குனிந்தபடியே நின்றான். வெளியே ஒரு எஞ்சின் நீராவி விட்டு ஓய்ந்தது. தம்பிஐயாவின் கை மேசைமேல் பென்சிலைத் தேடி, எடுக்காமல் நின்றது.

வேலு இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். ஒரு உதறு உதறினான். மாமனார் முன்னிலையிலேயே அதைத் தலையில் சுற்றி இறுக்கி முடிந்தான். நிமிர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்து, ஷெட்டின் கடைசி எஞ்சினில் கரி அள்ளுகிறவன் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்:

“மாமோவ்! கை நீட்டியிருக்கு! நிறுத்து!”